கான்சாகிபு யூசுப்கான்

இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் வேளாளர் குடியிற் பிறந்த மருதநாயகம், பின்னர் இசுலாத்தைத் தழுவி முகம்மது யூசுப்கான் ஆனார் என்பது வழிவழிவந்த செய்தி. மக்கள் நாவில் நிலைத்த பெயரோ கான்சாகிபு. அவரைப் பற்றிய கதைப்பாடலும் அப்பெயராலேயே வழங்குகிறது.

1752இல் சிறுபடையோடு கிளைவிடம் சேர்ந்த அவர், திருச்சி முற்றுகைக் காலத்தில் தொண்டைமான் சீமையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் உணவுப்பொருள் வண்டிகளைப் பகைவர் கண்ணில் படாது கொண்டுவந்து சேர்த்தார். வாள்வீச்சினும் இவ்வழியறிவே தளபதி லாரன்சைக் கவர்ந்தது எனலாம். கும்பினியின் சிப்பாய்கள் அனைவர்க்கும் அவர் தலைவரானார். 1758-59இல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, குதிரைவீரரும் சிப்பாய்களும் கொண்ட படையுடன் வெளியே நின்று பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை ஓயாது அலைக்கழித்தார். ஓரிடத்தில் விரட்டினால் மற்றோரிடத்தில் மொய்க்கும் ஈக்களாக லாலி அப்படையை எண்ணிச் சலித்தார்.

பொருநைக்கரை மக்களுக்கு அவர் வரலாறு எளிதில் விழுங்கக்கூடியதன்று. 1755இல் கர்னல் எரோனுடன் இச்சீமைக்கு வந்தவர். மறு ஆண்டு தாமே படைநடத்தி வந்தவர். 1759இன் இறுதியில் வாசுதேவநல்லூரில் தோற்றுத் திரும்பியும் விடவில்லை. 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் அவரிடமே வீழ்ந்தன. கும்பினிக்காக நம் பாளையங்களை அடக்கிய கை அது. குத்தகைதாரராக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டபோது குளங்களைச் செப்பனிட்டதும், கோயில் மானியங்களை மீட்டளித்ததும் அதே கைதான். இரண்டில் ஒன்றை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

கும்பினிக்கே நேராகக் குத்தகை செலுத்த அவர் விரும்பினார். நவாப் முகம்மது அலியோ தமக்கு அடங்கியவராகவே அவரை வைத்திருக்க முனைந்தார். கும்பினி நவாபின் பக்கம் சாய்ந்தது. அவர் முறித்துக்கொண்டு எழுந்தார். 1763இல் மதுரைக் கோட்டையைச் சூழ்ந்த படை மழைக்காலத்தில் பின்வாங்கியது. மறு ஆண்டு காம்பெல் தலைமையில் மீண்டும் வந்தது. சூன் மாதத் தாக்குதலில் மேஜர் பிரஸ்டன் படுகாயமுற்று மாண்டார். கோட்டையைப் பீரங்கி வெல்லவில்லை; பசி வருத்தியது. 1764 அக்டோபர் 13இல் திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்தும் உடனிருந்தோருடன் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டினர். 15ஆம் நாள் மதுரைக்கருகே தூக்கிலிடப்பட்டார்.

உடல் சம்மட்டிபுரத்தில் அடக்கமாயிற்று. உறுப்புகள் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டன என்பர். பாளையங்கோட்டைக்கு வந்தவை அவர் கைகளாம்.