எலும்பைத் தொட முடியாத மன்னர் படித்த உடற்கூறு

மருத்துவக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளை முதலில் மிரட்டுவது உடற்கூறியல்தான். 206 எலும்புகள், தசைகள், நரம்புகள், இரத்த ஓட்டம், செரிமானம் என்று ஒவ்வொரு மண்டலமாகப் படித்துத் தேர்வெழுத வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில் ஒருவர், எந்தத் தேர்வும் இல்லாமலே இந்தப் பாடத்தை விரும்பிப் படித்தார். அவர் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி.

1777இல் பிறந்த சரபோஜியை மன்னர் துளஜா 1787இல் தத்தெடுத்தார். அதே ஆண்டில் துளஜா காலமாகிவிட, ஆட்சி அமர்சிங்கின் கைக்குப் போனது. சிறுவனின் படிப்பையும் பாதுகாப்பையும் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் ஏற்றுக்கொண்டார். தஞ்சையில் இருப்பது ஆபத்து என்றானபோது சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கும் படிப்பு நிற்கவில்லை.

1798இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் காவிரிப் படுகையின் நெல் வயல்களெல்லாம் கம்பெனி நிர்வாகத்துக்குப் போயின. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் வருவாயில் ஒரு பங்கும்தான்.

ஆள நாடில்லை என்று அவர் சோர்ந்துவிடவில்லை. ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கில் நூல்களை வாங்கிச் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார். அவற்றில் மருத்துவ நூல்களும் இருந்தன.

ஆனால் உடற்கூற்றைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட முடியாது. எலும்பைப் பார்க்க வேண்டும், ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகிறது என்று அறிய வேண்டும். இறந்தவரின் எலும்பைத் தொடுவதோ அவரது சமய வழக்கப்படி தீட்டு. வழக்கத்தையும் மீறாமல், படிப்பையும் கைவிடாமல் அவர் ஒரு வழி கண்டார். யானைத் தந்தத்தால் எலும்புக்கூடு ஒன்றைச் செய்வித்துக்கொண்டார்.

கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவுமில்லை. அவர் அமைத்த தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. எந்த முறை யாருடையது என்று பார்க்காமல், எது நோயைத் தீர்க்கிறது என்று பார்த்தார்கள். பலன் தந்த மருந்துகள் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரில் தமிழில் தொகுக்கப்பட்டன.

கண் நோய்களில் மன்னருக்குத் தனி அக்கறை இருந்தது. கண்புரை முற்றிய உழவருக்கு நாற்றும் களையும் ஒன்றாகத்தானே தெரியும்? கண் நோயாளிகளின் குறையும், செய்த சிகிச்சையும், கண்ணின் படத்தோடு எழுதி வைக்கப்பட்டன. அந்தக் குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

1832இல் சரபோஜி மறைந்தார். பாடம் கடினமாக இருக்கிறது என்று புத்தகத்தை மூடும் பிள்ளைகள், அந்தத் தந்த எலும்புக்கூட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். பெயர்களை மனப்பாடம் செய்வது தேர்வோடு முடிந்துவிடும். உடலை அறிந்துகொள்வது, நாளை எதிரே வந்து உட்காரப்போகும் நோயாளிக்காக.