பத்துத் தீனாரும் ஒரு விரிப்பும்: இப்னு பதூதாவின் பயணம் சொல்லும் அமானிதப் பாடம்

மூக்கண்டப்பள்ளி வட்டாரத்தில் வீடு காலி செய்வது அன்றாடக் காட்சி. சிப்காட் கம்பெனிகளை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியிருப்போர் இங்கே ஏராளம். அவர்களில் ஒருவருக்குச் சவூதியிலோ துபாயிலோ வேலை அமைந்துவிட்டால் வீட்டில் உடனே ஒரு கேள்வி எழும். பீரோ, கட்டில், பாத்திரங்கள், வண்டி, நிக்காஹ்வுக்கு வந்த சாமான்கள், பத்திரங்கள், நகைகள் ஆகியவற்றை யாரிடம் விட்டுச் செல்வது? மாமியார் வீட்டிலா, அண்ணன் வீட்டு மாடியிலா, பூட்டிய அறையிலா?

சாமான்களோடு இந்தக் கேள்வி முடிவதில்லை. மனைவி மக்களை யார் பொறுப்பில் விடுவது? நாம் திரும்பி வராமல் போனால் கணக்கு யாருக்குத் தெரியும்? எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மூன்று கண்டங்களைச் சுற்றிய ஒரு காஜியாரின் வாழ்க்கை நெடுகிலும் இந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவர்தான் இப்னு பதூதா (ரஹ்). பள்ளிக்கூடப் பாடத்தில் அவரைத் துக்ளக் காலத்துப் பயணி என்று படித்திருப்போம். அவர் எதை எங்கே வைத்தார், எதை இழந்தார் என்ற கோணத்தில் அவர் வரலாற்றை இங்கே பார்ப்போம்.

ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இளைஞர்

அபூ அப்துல்லாஹ் முஹம்மத் என்ற இயற்பெயருடைய அவர், ஹிஜ்ரி 703 ரஜப் மாதம், அதாவது 1304 பிப்ரவரியில், மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்தார். காஜிகள் பலரைத் தந்த குடும்பம் அது. 1325 ஜூன் மாதம் ஹஜ்ஜை நாடித் தனி ஆளாக வீட்டை விட்டுக் கிளம்பியபோது அவருக்கு வயது 21. பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தனர். அவர்களைப் பிரிந்தது பெரும் வேதனையாக இருந்தது என்று பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

வழியில் காய்ச்சல் கண்டது. விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். தூனிஸ் நகரில் ஹாஜிகளின் கூட்டத்தோடு சேர்ந்ததும், அந்த இளம் வயதிலேயே அவரைக் கூட்டத்தின் காஜியாக நியமித்தார்கள்.

எகிப்திலிருந்து செங்கடல் துறைமுகமான ஐதாபுக்குப் போகும் வழியில் ஹுமைத்தரா என்ற பாலைவன இடம் உண்டு. ஷாதுலிய்யா தரீக்காவின் ஷைகு அபுல் ஹசன் ஷாதுலி (ரஹ்) அடங்கியிருப்பது அங்கேதான். அங்கே தங்கிய இரவு முழுவதும் கழுதைப்புலிகளை விரட்டியே கழிந்தது. அப்படியும் ஒரு கழுதைப்புலி அவருடைய மூட்டையைக் கிழித்து, பேரீச்சம்பழப் பையை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. பயணத்தில் அவர் சாமான் பறிபோனது இப்படிச் சிறிதாகத் தொடங்கியது.

ஊருக்கு ஊர் ஓர் அமானிதக்காரர்

1326இல் முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். அதன்பின் இராக், ஈரான், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை, துருக்கி, கான்ஸ்டாண்டிநோபிள், மத்திய ஆசியா என்று பயணம் நீண்டது. ஆங்காங்கே மதரஸாக்களும் சாவியாக்களும் அவருக்குத் தங்குமிடமாயின. அன்று வங்கி இல்லை, பூட்டி வைக்கும் லாக்கரும் இல்லை. பயணியின் பெட்டகம் என்பது அவர் நம்பிய மனிதரே.

சோமாலியாவின் மொகதிஷுவில் அவர் கண்ட வழக்கம் கவனத்துக்குரியது. கப்பலில் வரும் ஒவ்வொரு வணிகரும் உள்ளூர்க்காரர் ஒருவரின் வீட்டில் விருந்தினராகத் தங்குவார். அந்த வீட்டுக்காரரே அவருக்காக விற்பார், வாங்குவார். வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் வந்தவரிடம் யாராவது சரக்கு வாங்கினால் அந்த வியாபாரம் செல்லாது. ஊர் பேர் தெரியாத பயணி ஏமாந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

1333இல் சிந்து நதிக்கரையை அடைந்தார். டெல்லியில் சுல்தான் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காஜியாக்கி ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளம் கொடுத்தார். பெரிய சம்பளம்தான், ஆனால் செலவு அதைவிடப் பெரிது. சுல்தானுக்குக் காணிக்கை தருவதற்காகவும் பகட்டான வாழ்க்கைக்காகவும் வணிகர்களிடம் வாங்கிய கடன் 55,000 தீனாராக ஏறியது. கடைசியில் சுல்தானின் கஜானாவே அதை அடைத்தது. பின்னர் சுல்தானின் சந்தேகத்துக்கு ஆளாகிக் காவலில் இருந்து மீண்டதும், வேலையைத் துறந்தார். தன்னிடம் இருந்தவற்றை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு ஃபக்கீர் உடையில் ஒரு ஷைகின் நிழலில் மாதக்கணக்கில் தங்கினார். மீண்டும் அழைப்பு வந்தது. இம்முறை சீனப் பேரரசருக்கான தூதர் பதவி.

கோழிக்கோட்டுக் கரையில்

1340களின் தொடக்கத்தில் நூறு குதிரைகள், விலையுயர்ந்த துணிகள் உள்ளிட்ட ஏராளமான அன்பளிப்புகளுடன் டெல்லியை விட்டுக் கிளம்பினார். அலிகர் அருகே வழிப்பறிக்காரர்களிடம் சிக்கி, உடுத்திய துணியைக்கூட இழந்து, பல நாட்கள் தனியே அலைந்து உயிர் தப்பினார். பிறகு மேற்குக் கரை வழியாக மலபாரை அடைந்தார்.

மலபார்ச் சாலையை அவர் வாயாரப் புகழ்ந்திருக்கிறார். அந்தச் சாலையைவிடப் பாதுகாப்பான ஒன்றை அவர் பார்த்ததில்லை. மரத்திலிருந்து விழுந்த தேங்காயைக்கூட உரியவர் வந்து எடுக்கும் வரை யாரும் தொடமாட்டார்கள். உடைந்த கப்பலின் சரக்கு மலபாரின் மற்ற ஊர்களில் அரசாங்கத்துக்குப் போய்விடும். கோழிக்கோட்டில் மட்டும் அது உரியவருக்கே திரும்பும். அந்த நேர்மையால்தான் ஊர் செழித்து, தூரதேசக் கப்பல்கள் அங்கே வந்து குவிகின்றன என்று அவர் கணித்தார். பிறர் பொருளைப் பேணுகிற ஊரைத் தேடி வியாபாரம் வரும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆட்சி செய்தவர் முஸ்லிம் அல்லாத சாமூதிரி மன்னர் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பருவக்காற்றுக்காக மூன்று மாதங்கள் அங்கே காத்திருந்தார். பெரிய கப்பலின் நல்ல அறைகளைச் சீன வணிகர்கள் முன்பே எடுத்துக்கொண்டதால், தன் சாமான்களையும் தன்னைச் சேர்ந்தவர்களையும் ககம் எனப்படும் சிறிய கப்பலில் ஏற்றினார். ஜும்ஆ தொழுகைக்காகத் தாம் மட்டும் கரையில் தங்கினார். அதற்குள் கடல் பொங்கியது. சுல்தானின் அன்பளிப்புகளை ஏற்றிய கப்பல் நொறுங்கியது. அதைக் கண்ட ககத்தின் மாலுமிகள் பாய் விரித்துப் போய்விட்டார்கள். கரையொதுங்கிய தோழர்களுக்கு ஜனாஸா தொழுது அடக்கம் செய்தபோது அவர் கையில் எஞ்சியவை பத்துத் தீனாரும் படுத்துறங்கும் ஒரு விரிப்பும் மட்டுமே.

ககம் வந்து நிற்கும் என்ற நம்பிக்கையில் கொல்லம் வரை போய்ப் பார்த்தார், வரவில்லை. பல மாதங்கள் கழித்துத்தான் செய்தி கிடைத்தது. சாமான்கள் சூறையாடப்பட்டன. உடனிருந்தவர்களைச் சுமத்ரா பகுதி மன்னர் எடுத்துக்கொண்டார். அவருடைய குழந்தையைச் சுமந்திருந்த அடிமைப் பெண் இறந்துவிட்டார். மனிதர்களையும் சரக்கோடு சேர்த்துக் கப்பலேற்றிய காலம் அது. அடிமையை விடுதலை செய்வதைப் பெரும் நன்மையாக்கி, பாவங்களுக்குப் பரிகாரமாகவும் வைத்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அந்தப் பெயர் தெரியாத தாயை இழப்புப் பட்டியலில் ஒரு பொருளாகக் கடந்துபோக முடியாது.

நம் மண்ணில்

அதன்பின் மாலத்தீவில் காஜியாக இருந்தார். அங்கிருந்து இலங்கை வந்தபோது யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து விலைமதிப்புள்ள கற்களைக் கொடுத்து அனுப்பினார். தமிழகக் கரையை நெருங்கும்போது கப்பல் பாறைகளுக்கிடையே சிக்கியது. தெப்பத்தில் இடம் போதாதபோது உடன் வந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டுத் தாம் இரவு முழுவதும் உடையும் கப்பலிலேயே இருந்தார். காலையில்தான் மீட்கப்பட்டார்.

மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாம்கானி அவருக்கு மனைவி வழி உறவினர். ஆனாலும் அந்த சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்றதை அவர் மறைக்கவில்லை. வெறுக்கத்தக்க செயல் என்றே பதிவு செய்தார். மதுரையில் கொள்ளை நோய் பரவிய நாட்களில் அவருக்கும் கடும் காய்ச்சல் கண்டது. புளியைக் கரைத்துக் குடித்தார். மூன்று நாட்கள் வயிறு போனபின் அல்லாஹ் குணமளித்தான்.

தமிழகக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குத் திரும்பும் வழியில், ஹொன்னாவருக்கு அருகே பன்னிரண்டு கடற்கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. இலங்கை மன்னர் தந்த கற்கள், துணிமணிகள், வழிக்கான உணவு அத்தனையும் போயின. உடலில் எஞ்சியது ஒரு காற்சட்டை. அவரை நீண்ட காலம் உறுத்திய இழப்பு வேறொன்று. புகாராவில் அறிஞர்களின் கப்ருகளில் பார்த்து எழுதி வைத்திருந்த குறிப்புகளும் அத்துடன் போய்விட்டன. கோழிக்கோட்டில் ஆலிம் ஒருவர் ஓர் ஆடையும், காஜி ஒரு தலைப்பாகையும், வணிகர் ஒருவர் மற்றோர் ஆடையும் அனுப்பி மானம் காத்தார்கள்.

பட்டியல் எழுதிய தேசம்

வங்காளம், சுமத்ரா வழியாகச் சீனாவை அடைந்தபோது, பொருளைப் பாதுகாக்கும் முறையான ஏற்பாட்டை அங்கே கண்டார். ஊருக்கு வரும் முஸ்லிம் வணிகர், உள்ளூர் முஸ்லிம் வணிகர் ஒருவரிடமோ சத்திரத்திலோ தங்கலாம். அவருடைய பணம் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்படும். செலவுக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். கிளம்பும்போது கணக்குப் பார்ப்பார்கள். குறைந்தால் பொறுப்பாளர் ஈடுகட்ட வேண்டும். வழிச் சத்திரங்களில் மாலையில் அதிகாரி வந்து தங்கியவர்களின் பெயர்களை எழுதி முத்திரையிட்டுக் கதவைப் பூட்டுவார். காலையில் பட்டியலோடு ஒவ்வொருவரையும் சரிபார்த்து, அடுத்த சத்திரம் வரை ஆள் அனுப்பி, போய்ச் சேர்ந்த அத்தாட்சியையும் பெற்றுக்கொள்வார்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதை வதீஆ என்ற பாடத்தில் பேசுகின்றன. அமானிதமாக வாங்கிய பொருளை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது. கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும். தன் கவனக்குறைவு எதுவுமின்றித் தொலைந்தால் கூலி வாங்காத பொறுப்பாளர் மீது ஈடு கிடையாது. அமானிதம் பேணுவது உதவி என்பதால், உதவி செய்தவரைத் தண்டிக்காமல் மார்க்கம் காக்கிறது. அதே நேரம், கவனமாக இருந்தேன் என்பதை அல்லாஹ்வின் முன் சொல்லும் பொறுப்பையும் அவர் தோளில் வைக்கிறது.

பின்னர் மாலி நாட்டில் அவர் பெரிதும் மெச்சிய குணமும் இதுவே. அங்கே வெளியூர் அரபி ஒருவர் இறந்துபோனால் அவருடைய செல்வம் எவ்வளவு பெரிதானாலும் மக்கள் தொடமாட்டார்கள். வாரிசு வந்து பெறும் வரை அவர் இனத்து நம்பகமான ஒருவரிடம் அது இருக்கும்.

திருப்பி எடுக்க முடியாதவை

பொருளுக்கு இத்தனை காவல் இருந்தது. குடும்பத்துக்கு? டமாஸ்கஸில் கர்ப்பிணியாக விட்டுவந்த மனைவிக்கு மகன் பிறந்த செய்தி இந்தியாவில் இருந்தபோது கிடைத்தது. நாற்பது தங்கத் தீனார் அனுப்பினார். 1348இல் டமாஸ்கஸ் திரும்பி விசாரித்தபோது, அந்த மகன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆனதையும் அங்கேதான் அறிந்தார். மாலத்தீவில் பிறந்த மற்றொரு மகனை இரண்டு வயதில் பார்த்தார். தாயிடமே இருப்பது நல்லது என்று விட்டுவந்தார். 1349இல் ஊரை நெருங்கும் வேளையில், தாயும் கொள்ளை நோயில் இறந்துவிட்ட செய்தி வந்தது. 24 ஆண்டுகளுக்குப் பின் அவர் கண்டது தாயின் கப்ரைத்தான்.

அதன்பின் ஸ்பெயினின் கிரனாடாவுக்கும் மாலிக்கும் சென்று திரும்பினார். மொராக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி இப்னு ஜுஸை என்ற எழுத்தாளரிடம் தன் பயணங்களைச் சொல்ல, 1355 டிசம்பரில் நூல் நிறைவடைந்தது. குறிப்புகள் கடலில் போனபின் நினைவிலிருந்தவையே பெரும்பாலும் நூலாயின. பிறகு காஜியாக வாழ்ந்து, 1368 அல்லது 1369இல் மறைந்தார்.

நமக்கு

ஹிஜ்ரத்தின் இரவில் தம்மைக் கொல்லத் துடித்த மக்காவாசிகளின் பொருட்களைக்கூட உரியவர்களிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அந்த உம்மத்தில் வந்த நாம், பயணம் கிளம்பும்போது சில வேலைகளைக் கட்டாயம் முடிக்க வேண்டும்.

யாரிடம் எதைக் கொடுத்தோம் என்று பட்டியல் எழுதி, இரு பிரதிகளில் இருவர் சாட்சிக் கையெழுத்துடன் வைக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்ற கூச்சம் வேண்டாம். பல குடும்பங்கள் பேசாமல் பிரிந்தது எழுதாமல் விட்ட கணக்கால்தான். கடனையும் வஸிய்யத்தையும் எழுதி வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். பொறுப்பேற்றவரும் பீரோவைத் திறந்து பயன்படுத்தாமல், வண்டியை அனுமதியின்றி ஓட்டாமல் பேண வேண்டும். இயலாது என்றால் வாங்கும்போதே சொல்லிவிடுவது நேர்மை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோரையும் மனைவி மக்களையும் மாதப் பணத்தோடு முடித்துவிடாதீர்கள். நாற்பது தீனார் அனுப்பிய தந்தையால் மகனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்று நம் கையில் போன் இருக்கிறது, விடுப்பு இருக்கிறது. தொலைந்த சாமானை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

பயணத்தில் இருக்கும் நம் சகோதரர்களின் உயிரையும் பொருளையும் குடும்பத்தையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! நம்மிடம் உள்ள அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.