தொரப்பள்ளி தந்த சுதந்திரவாதி

ஓசூரையடுத்த தொரப்பள்ளி கிராமத்தில் 1878-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி ராஜாஜி ஜனித்தார். சேலத்தில் வளமாக நடந்த வக்கீல் தொழிலைத் துறந்தார். 1921-ல் கைதாகி வேலூர்ச் சிறை புகுந்தார். 1930-ல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்தார். எண்பது பிராயம் கடந்த பின்னரும், தொழில் தொடங்குவோன் லைசென்ஸுக்காக சர்க்கார் வாசலில் காத்து நிற்பதைச் சகியாமல், 1959-ல் சுதந்திராக் கட்சியை ஸ்தாபித்தார். அவர் பிறந்த வட்டாரம் இன்று ஆலைகள் மலிந்த கைத்தொழில் கேந்திரமாக விளங்குகிறது.

அவரது தியாகத்தில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒன்றை மறைப்பது தர்மமாகாது. 1937-ல் சென்னை மாகாணப் பிரதம மந்திரியான அவர், கட்டாய ஹிந்தியை எதிர்த்து மறியல் செய்தோர் மீது, தேசபக்தர்களை ஒடுக்க அந்நிய சர்க்கார் வகுத்த கிரிமினல் சட்டத் திருத்தத்தையே பிரயோகித்தார். ஆயிரம் பேருக்கு மேல் சிறைப்பட்டனர். பின்னாளில், 1965-ல், ஹிந்தித் திணிப்பை அவரே எதிர்த்தார்.

சுதந்திரத்தின் அருமை சிறையிலிருப்போனுக்கு எளிதில் விளங்கும். சிறைச் சாவி கையிலிருப்பவனுக்கு மறந்துபோகும். ராஜாஜியே மறந்தாரெனில் மற்றவர் எம்மாத்திரம்? 1972-ல் மறைந்த அப்பெரியாரைப் போற்றும் தேச ஊழியர்கள், பதவியேறும் நாளில் இதனை நினைவிற்கொள்வார்களாக.