துபாசி ஆனந்தரங்கர்

கல்வராயன் மலையிற் பிறக்கும் மணிமுத்தாறு கிழக்கு நோக்கிப் பாய்ந்து வெள்ளாற்றொடு கலக்கின்றது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றது. பரங்கிப்பேட்டையும் அதற்கு வடக்கேயுள்ள புதுச்சேரியும் பண்டு பெரிய துணிச் சந்தைகளாய் விளங்கின. 1674-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேறினர். தமிழ்நாட்டுப் பருத்தித் துணிக்குக் கடல் கடந்த நாடுகளில் பெருவிருப்பம் இருந்தது. அதனால் உள்நாட்டு வணிகருக்குப் புதியதொரு வாயில் திறந்தது. அவ்வாயிலிற் புகுந்து, அதனால் விளைந்த ஆக்கத்தையும் கேட்டையும் ஒருங்கே கண்டவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

ஆனந்தரங்கர் 1709-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடப் பிள்ளை வணிகர். அவருடைய மைத்துனர் நைனியப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் குழுவினரின் தலைமைத் துபாசியாக இருந்தார். துபாசி என்பவர் இருமொழி வல்லவர். குழுவினருக்கும் உள்நாட்டு மக்களுக்கும் இடையே நின்று கொள்வினை கொடுப்பினைகளை முடித்து வைப்பவர். நைனியப் பிள்ளையின் அழைப்பை ஏற்றுத் திருவேங்கடப் பிள்ளை புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார்.

அப்பதவி செல்வத்தைத் தந்தது. இடரையும் உடன் தந்தது. ஆளுநர் எபேரின் பகைக்கு ஆளான நைனியப் பிள்ளை 1716-ஆம் ஆண்டு சிறையிடப்பட்டு, அடுத்த ஆண்டில் அங்கேயே உயிர் துறந்தார். அவர் மகன் குருவப் பிள்ளை கடல் கடந்து பிரான்சுக்குச் சென்று முறையிட்டு, நீதியும் பதவியும் பெற்று மீண்டார். அயலாரை நம்பிச் செய்யும் வாணிகத்தில் ஆளுநர் ஒருவரின் முகக்குறிப்பே வாழ்வையும் தாழ்வையும் உண்டாக்கும் என்பதை ஆனந்தரங்கர் இளமையிலேயே உணர்ந்திருத்தல் வேண்டும்.

1726-இல் தந்தையார் மறைந்தார். அப்பொழுது ஆளுநராயிருந்த லெனுவார் இளைஞரின் திறமையை மதித்து, பரங்கிப்பேட்டையிலிருந்த நெசவு, சாயத் தொழிற்சாலையை அவர் பொறுப்பில் விட்டார். ஆனந்தரங்கர் அதனோடு நில்லாமல் ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் தம் செலவிலேயே பண்டசாலைகளை அமைத்தார். ஐரோப்பியச் சரக்குகளை அங்கே விற்று, உள்நாட்டுப் பொருள்களை வாங்கிப் புதுச்சேரிக்கு அனுப்பினார். ஆனந்தப் புரவி என்னும் கப்பலும் அவருக்கு உரிமையாயிருந்தது.

அக்காலத் துணி வாணிகம் முன்பணத்தால் நடந்தது. கப்பலில் வந்த வெள்ளியைக் குழுவினர் வணிகரிடம் கொடுப்பர். வணிகர் அதனை ஊர்தோறும் நெசவாளர்க்குப் பகிர்ந்தளிப்பர். நெய்து வந்த துணி மாதிரித் துணியோடு ஒப்பு நோக்கப்படும். தரத்திற் குறைந்தவை தள்ளப்படும். தேர்ந்தவை வெளுக்கப்பட்டும் சாயம் தோய்க்கப்பட்டும் கப்பலேறும். கப்பல் உரிய பருவத்தில் வாராதாயின் வெள்ளி இல்லை. வெள்ளி இல்லையாயின் தறி நிற்கும். கடன்பட்டு முன்பணம் கொடுத்த வணிகன் கரையில் நின்று கடலையே நோக்கியிருப்பான்.

ஆதலின் வணிகர்க்குச் செய்தியே முதற்பொருளாயிற்று. ஆனந்தரங்கர் 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் முதல் நாட்குறிப்பு எழுதலானார். கப்பல்களின் வரவும் போக்கும், சரக்கின் விலையும், நவாபுகளின் பூசலும், ஆளுநர் அவையின் பேச்சும் அதிற் பதிவாயின. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அப்பணி தொடர்ந்தது. பேச்சுத் தமிழில், வணிகர் நடையில், தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதினார்.

1742-இல் துய்ப்ளே ஆளுநரானார். தலைமைத் துபாசி கனகராய முதலியார் 1746-இல் இறந்தபின் அப்பதவி ஆனந்தரங்கருக்குக் கிடைத்தது. நிசாம் பதவிக்குப் போராடிய முசபர் சங் மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப்தார் சிறப்பை அவருக்கு அளித்தார். புலவர் பலர் அவரை நாடிப் பரிசில் பெற்றனர். தியாகராச தேசிகர் அவர்மீது ஆனந்தரங்கன் கோவை பாடினார்.

ஆயினும் அவ்வுயர்வு போரின்மேல் நின்றது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதமையால் கப்பல்கள் தடைப்பட்டன. படைகள் திரிந்த ஊர்களில் உழவும் நெசவும் குலைந்தன. 1754-இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். ஆனந்தரங்கரின் செல்வாக்குக் குறைந்தது. உடல் நலிந்த அவர் 1756-இல் பதவியை இழந்தார்.

1760-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியை நெருக்கினர். கள்ளக்குறிச்சிக்கு அருகிலுள்ள தியாகதுருக்கம் கோட்டையை மைசூர்ப் படைக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக உணவும் துணைப்படையும் பெறப் பிரெஞ்சுக்காரர் முயன்றனர். அம்முயற்சி நகரைக் காக்கவில்லை. பசியால் வாடிய புதுச்சேரி 1761-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் பணிந்தது. அந்நாளையொட்டியே, அதே மாதத்தில், ஆனந்தரங்கரும் உயிர் நீத்தார். அடுத்த மாதமே தியாகதுருக்கமும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

அவர் ஈட்டிய பெரும்பொருள் நிலைக்கவில்லை. எழுதிய ஏடுகளோ நிலைத்தன. 1846-ஆம் ஆண்டளவில் அவை கண்டெடுக்கப்பட்டன. 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாய் வெளிவந்தன. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டு வரலாற்றை எழுதுவோர் இன்றும் அவற்றை நாடுகின்றனர்.

புதிய சந்தை திறக்கும்போது முந்திப் புகுவோர் ஊதியம் பெறுவர். முயற்சியும் மொழியறிவும் நாணயமும் அவர்க்குத் துணை செய்யும். ஆனால், பிறர் படை வலியைச் சார்ந்து வளர்ந்த வாணிகம் அப்படை தோற்கும்போது தானும் வீழும். ஆனந்தரங்கர் வாழ்க்கை இவ்விரண்டையும் நமக்கு உணர்த்துகின்றது.