சீட்டுக்கட்டுக்குக் கணிதம் வகுத்த அகதி

1685ஆம் ஆண்டில் பிரான்சின் மன்னன் பதினான்காம் லூயி, நாந்து நகரச் சாசனத்தை இரத்துச் செய்தான். புரட்டஸ்தாந்து மக்களுக்கு 1598 முதல் இருந்துவந்த வழிபாட்டுரிமை பறிபோயிற்று. பெருந்தொகையானோர் களவாக எல்லை கடந்தனர். அவ்வாறு இலண்டனை வந்தடைந்தவர்களுள் ஒருவர் ஆபிரகாம் த மோய்வர். உயர்தர வகுப்பில் கணிதம் பயின்ற எம் வாசகர் பலர், தேற்றமொன்றின் பெயராக மட்டுமே அவரை அறிந்திருப்பர்.

1667இல் வித்ரி என்னும் ஊரிற் பிறந்த அவருக்கு, சாசனம் இரத்தானபோது வயது பதினெட்டு. மதம் மாற்றும் நோக்கில் மடமொன்றில் அடைத்து வைக்கப்பட்டார் என்பர். 1680களின் இறுதியில் இலண்டன் வந்தபின், வீடு வீடாக நடந்து சென்று பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தே சீவித்தார். நியூட்டனின் பெருநூலைத் தாள்தாளாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்து, ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குச் செல்லும் இடைவேளையிற் படித்தாராம்.

1697இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. ஆயினும் பல்கலைக்கழகப் பதவி எதுவும் இறுதிவரை கிட்டவில்லை. கணிதம் தெரிந்தவன் எந்த நாட்டிலும் பிழைத்துக்கொள்வான் என்று நம்மவர் சொல்வதுண்டு. பிழைத்தார் என்பது மெய்யே, ஆனால் எப்படி? சென் மார்ட்டின் ஒழுங்கையிலிருந்த காப்பிக் கடையொன்றில் அமர்ந்து, சூதாடிகள் கேட்ட ஐயங்களுக்குக் கூலிக்குக் கணக்குச் செய்து கொடுத்தார்.

அந்தக் கூலிக் கணக்குகளோடு தொடர்புடைய ஆய்விலிருந்தே 1718இல் நிகழ்தகவு பற்றிய அவரது ஆங்கில நூல் பிறந்தது. அதிலுள்ள ஓர் எடுத்துக்காட்டை இங்கு தருகிறோம். ஒரு நிறத்தில் 13 சீட்டுகள், வேறொரு நிறத்தில் 13 சீட்டுகள் என இரு குவியல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் பாராமல் ஒரு சீட்டு எடுத்தால், இரண்டும் ஏஸ் ஆக வருவதற்கான வாய்ப்பு 13இல் 1ஐ 13இல் 1ஆற் பெருக்க வருவது. அதாவது 169இல் 1. இனி ஒரே குவியலிலிருந்து முதலில் ஏஸையும் அடுத்து இரண்டாம் இலக்கச் சீட்டையும் எடுக்கவேண்டும் எனக் கொள்வோம். முதற்சீட்டு போனபின் எஞ்சுவன பன்னிரண்டே. ஆகவே வாய்ப்பு 156இல் 1. முன்னர் நிகழ்ந்தது பின்னர் நிகழ்வதைப் பாதிக்கிறதா, இல்லையா என்பதே இங்கு முழு வேறுபாடும்.

நாம் ஆடும் 52 சீட்டுக் கட்டுக்கும் இதே விதிதான். முதற்சீட்டு ஏஸாக இருக்க 52இல் 4. அதைத் திரும்பக் கட்டில் வைக்காவிடின், அடுத்ததும் ஏஸாக இருக்க 51இல் 3. பெருக்கினால் 221இல் 1. இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் பணம் வைத்து ஆடத் தயங்குவர் என்பது எமது எண்ணம்.

முதுமையில் நியூட்டன், தம்மிடம் கணித ஐயங்களோடு வந்தோரை இவரிடமே அனுப்பினாராம். ஆயுட்கால வருடாந்தக் கொடுப்பனவுகளைக் கணிக்கும் முறையை இவர் 1725இல் நூலாக்கினார்.

1754இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் வெளிநாட்டு உறுப்பினராகத் தெரிவு செய்தது. பிறந்த நாட்டின் கழகத்தில் அவர் வெளிநாட்டவராக இடம்பெற்றார். அவ்வாண்டு நவம்பர் 27ஆம் நாள், தமது 87ஆவது வயதில் இலண்டனிற் காலமானார். நிகழ்தகவு நூலின் மூன்றாம் பதிப்பு 1756இல் வெளிவந்தது.