சவலைப் பிள்ளைகளின் அன்னை

நேரிசை வெண்பாவிலே இரண்டாம் அடியின் ஈற்றில் நிற்கவேண்டிய தனிச்சொல் இல்லாது குறைந்து வருமாயின், அதனைச் சவலை வெண்பா என்று வழங்குவர் யாப்பு நூலார். இப்பெயர்க்குப் பொருள் யாது என மாணவரை வினவினால், குறை என்பர் சிலர். மெலிவு என்பர் வேறு சிலர். இச்சொல் பிறந்த இடம் யாப்பு நூலன்று, தொட்டிலே என்பதை அறிந்தவர் மிகச் சிலர். கைப்பிள்ளை பால்குடி மறக்கும் முன்னரே தாய் மீண்டும் கருவுற்றுவிட, முலைப்பாலை இழந்த மூத்தது கைகால் மெலிந்து, வயிறு முன்தள்ளி, ஓயாது சிணுங்கிக்கொண்டிருக்கும். அதனையே நம் பாட்டிமார் சவலைப் பிள்ளை என்றனர். வேண்டிய உறுப்பொன்றைப் பெறாது மெலிந்த பாட்டுக்கு அப்பெயரைப் பின்னர் இட்டோர் புலவர்.

இச்சொல்லுக்கு உடன்பிறந்தாள் போன்ற ஒரு சொல் மேற்கு ஆபிரிக்காவிலே உண்டு. அதனைத் தாய்மாரின் வாயிலிருந்து கேட்டறிந்து, உலக மருத்துவ நூல்களில் ஏற்றிவைத்த பெருமாட்டியே டொக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

அம்மையார் 1893ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் நாள், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமெய்க்காவிலே பிறந்தார். தந்தையார் அத்தீவின் கல்விப் பகுதித் தலைவராக விளங்கியவர். முதலாம் உலகப் போர் நிகழ்ந்த காலத்தில் ஆடவர் போர்முனைக்குச் சென்றுவிட, மருத்துவக் கல்விக்கூடங்களின் கதவு பெண்களுக்குச் சற்றே திறந்தது. அவ்வாயிலாக ஒக்ஸ்போர்டிலே கற்றுப் 1923ஆம் ஆண்டு மருத்துவரானார். போர் முடிந்து ஆடவர் திரும்பியதும் அக்கதவு மறுபடியும் ஒடுங்கிற்று. பெண் மருத்துவர்க்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று. நெடுநாட் காத்திருந்தபின், 1929ஆம் ஆண்டிலே குடியேற்ற நாட்டு மருத்துவ சேவையிற் சேர்ந்து கோல்ட் கோஸ்டுக்குச் சென்றார். இன்று கானா எனப்படும் நாடு அதுவே.

அந்நாட்டின் தலைநகராம் அக்ராவிலே அவர் கண்ட காட்சி நெஞ்சை உருக்குவது. ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பலர் கால் வீங்கி, தலைமயிர் செம்பட்டையாகி, தோல் கறுத்து உரிந்து, எதனையும் விரும்பாது முனகியவாறே மாண்டனர். மருத்துவ நூல்களிலே இந்நோய்க்கு விளக்கம் இல்லை. அம்மையார் நூல்களை மூடிவைத்துவிட்டுத் தாய்மாரை வினவலானார். காஆ மொழி பேசும் அத்தாய்மார், குவாஷியோர்கோர் என்றனர். அடுத்த குழந்தை பிறக்கும்போது, இடமிழந்த முன்னைக் குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. நோயின் பெயரிலேயே நோயின் காரணமும் அடங்கியிருந்தது. தாய்ப்பால் நின்றபின் அக்குழந்தைகட்குக் கிடைத்தது சோளக்கூழ் ஒன்றே. வயிறு நிரம்பியது; உடல் வளர்க்கும் புரதமோ கிடைக்கவில்லை. இதனை உணர்ந்த அம்மையார் 1933ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரை வரைந்தார். அது வேறொரு பழைய நோயே எனப் பெரியோர் சிலர் மறுத்துரைத்தனர். அவர் தளராது, 1935ஆம் ஆண்டிலே இலண்டன் லான்செட் மருத்துவ இதழில் அந்நாட்டுத் தாய்மார் வழங்கிய பெயராலேயே அந்நோயை அறிவித்தார். இன்றும் உலகெங்கும் அந்நோய்க்கு அதுவே பெயர்.

ஆட்சி செய்தோர் மொழியில் பெயரிடும் உரிமை அவர்க்கு இருந்தது. தம் பெயரையே சூட்டியிருப்பினும் தடுப்பார் இலர். எழுத்தறியாத ஏழைத் தாயின் சொல்லே உண்மையை உள்ளடக்கியது என்று கண்டு, அதற்கு முடிசூட்டிய பண்பே என்னை அவர்பால் ஈர்த்தது.

அக்காலத்து ஐரோப்பிய மருத்துவர் பலர், பச்சிளங் குழந்தைக்கு நான்கு மணிக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் பாலூட்டுக. இடையில் அழுதால் அழவிடுக. தூக்கினால் பழக்கம் கெடும் என்று போதித்தனர். ஆபிரிக்கத் தாயோ குழந்தையை முதுகிலே துணியாற் கட்டிக்கொண்டு சந்தைக்கும் வயலுக்கும் சென்றாள். அழுதபோதெல்லாம் முன்னே இழுத்து மார்பில் அணைத்தாள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற நம்மவர் பழமொழியும் இதனையன்றோ கூறுகின்றது? சீகாழிக் குளக்கரையிலே அழுத பிள்ளைக்கு அம்மை நேரமா பார்த்தாள்? மார்பின் வெதுவெதுப்பும், கருவிலே கேட்டுப் பழகிய நெஞ்சத் துடிப்பும் அழுகையைத் தணிக்கின்றன என்றும், குழந்தை பசித்த வேளையே பாலூட்டும் வேளை என்றும் இன்றைய மருத்துவம் கூறுகின்றது. முதல் மணிநேரத்திலேயே சீம்பாலை ஊட்டுக என்பதும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி நீரும் வேண்டா என்பதும் அதன் முடிபு.

அம்மையார் 1936ஆம் ஆண்டிலே மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரிலே மலாயரும் சீனரும், துறைமுகத்திலும் இறப்பர்த் தோட்டங்களிலும் உழைக்கச் சென்ற நம் தமிழரும் வாழ்ந்தனர். ஆபிரிக்காவில் இல்லாத ஒரு புதுப் பகையை அங்கே அவர் கண்டார். அதுவே டின்பால். கொழுத்த குழந்தையின் படம் பொறித்த டின்களை ஏந்தி, தாதியரைப் போல வெள்ளுடை அணிந்த பெண்கள் வீடுதோறும் சென்று விற்றனர். தம் பாலே போதாதோ என்ற ஐயம் ஏழைத் தாயின் உள்ளத்தில் விதைக்கப்பட்டது. இறைக்கிற கிணறே ஊறும். குழந்தை சுவைக்காத மார்பிலே பால் வற்றிற்று. பின்னர் டின்பாலை விட்டால் வேறு வழி இல்லை. கொழுப்பு நீக்கிச் சர்க்கரை சேர்த்த அப்பாலிலே ஏ, டி என்னும் உயிர்ச்சத்துகள் இல்லை. விலையோ அதிகம், ஆதலின் நீர் மிகுதியாகக் கலந்து ஊட்டினர். அந்நீரோடு கிருமியும் சென்றது. கழிச்சலால் மாண்ட குழந்தைகள் எத்தனையோ! என்பு வளைந்தும் கண்ணொளி இழந்தும் எஞ்சின வேறு பல.

1939ஆம் ஆண்டிலே சிங்கப்பூர் ரோட்டறிக் கழகத்தார் அம்மையாரைச் சொற்பொழிவாற்ற அழைத்தனர். வணிகப் பெருமக்கள் நிறைந்த அவ்வவையில் அவர் தம் உரைக்கு இட்ட தலைப்புப் பாலும் கொலையும் என்பது. பொய்ப் பிரசாரத்தால் தாய்ப்பாலை மறக்கச் செய்து குழந்தைகளைச் சாவிக்கும் செயல் கொலையேயாகும் என்றும், அதனைச் செய்வோர் தண்டிக்கப்படல் வேண்டும் என்றும் அஞ்சாது முழங்கினார். அரசின் ஊழியராயிருந்தும் அவ்வாறு பேசத் துணிந்தமை எளிதன்று.

ஈராண்டு கழிந்து போர் அவரிடமே வந்தது. திரங்கானுவிலே பணியாற்றியவர், ஜப்பானியப் படைக்கு முன்னே தப்பிச் சிங்கப்பூரை அடைந்தார். 1942 பெப்ரவரியில் அந்நகரமும் வீழ்ந்தது. சாங்கிச் சிறை முதலிய இடங்களிலே மூன்றரை ஆண்டு அடைபட்டிருந்தார். மகளிர் பகுதிக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சில திங்கள் இரகசியப் பொலிசாரின் கூண்டிலும் வாடினார். உணவின்றி எலும்புந் தோலுமாயினார். அச்சிறையிலேதான் அவர் கொள்கை அனற்சோதனைக்கு உள்ளானது. ஆங்கே இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதுக்கும் தாய்ப்பாலே ஊட்டப்பட்டது, இருபதும் பிழைத்தன. இதனை அம்மையாரே பின்னாளிற் பதிந்துவைத்தார். அரைவயிற்றுக் கஞ்சியுண்ட அன்னையரின் மார்பிலும் பால் சுரந்ததென்றால், என்பால் போதாது என்று அஞ்சும் தாய்மார்க்கு இதனினும் பெரிய ஆறுதல் வேறு யாது?

போருக்குப் பின், 1948ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்குத் தலைமை பூண்டார். நோயுற்ற குழந்தையைத் தாயினின்றும் பிரித்து வைத்தியசாலைக் கட்டிலில் இடுவதை அவர் ஒருநாளும் ஒப்பியதில்லை. தாயும் சேயும் ஒருயிரே என்பது அவர் துணிபு. முதுமையிலும் நாடு நாடாகச் சென்று கற்பித்தார். பாலும் கொலையும் பற்றி அவர் பேசி நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றபின், 1981ஆம் ஆண்டிலே தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பால்மாக்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் உலக விதிக்கோவை பிறந்தது. அதனைக் கண்ணாரக் காணும் பேறும் பெற்றார். மணம் புரியாதவர், வயிற்றுப் பிள்ளை இல்லாதவர். உலகப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் கொண்டவர், தொண்ணூற்றெட்டாம் வயதில் 1992 ஜூலை 13ஆம் நாள் ஒக்ஸ்போர்டிலே காலமானார்.

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. குண்டசாலையிலிருந்து தும்பறை மலைகளை நோக்கி ஏறினால் தேயிலைத் தோட்டங்களைக் காணலாம். அங்கே கொழுந்து பறிக்கும் தாய், தன் பச்சைப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவிலே விட்டுச் செல்கின்றாள். அம்மையார் சிங்கப்பூரிலே முழங்கிய அதே 1939ஆம் ஆண்டில்தான் இலங்கையிலும் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. வேலை நேரத்திற் பாலூட்டும் இடைவேளையும் பிற்காலத் திருத்தத்தால் அதில் இடம்பெற்றது. 1983ஆம் ஆண்டிலே பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவையும் வந்தது. சட்டம் தரும் அரைமணி நேரம், நிறை குறையுமே என்ற அச்சத்தால் தாயிடமிருந்து பறிபோகாதவாறு காத்தல் சமுதாயத்தின் கடன்.

ஆபிரிக்கத் தாயின் சொல்லை உலகம் கேட்டது, கேட்கும் செவியோடு ஒரு மருத்துவர் அங்கே இருந்தமையால். நம் தாய்மாரும் அதே உண்மையைச் சவலை என்ற மூன்றெழுத்தில் நெடுங்காலமாகச் சொல்லி வந்துள்ளனர். ஆசிரியராகிய நாம் அதனை இலக்கண நூலில் மட்டும் வைத்துப் போற்றுதல் போதாது. நாளை தாயாகவும் தந்தையாகவும் போகும் நம் மாணவர்க்கு அச்சொல்லின் முழுப்பொருளையும் உணர்த்துவோமாக.