நிலா வெளிச்சத்தில் ஒரு சிப்பாய்

ஹாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் தியான் சந்த். பிறவி மேதை என்பார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு விஷயம்.

1905 ஆகஸ்ட் 29-ல் அலகாபாத்தில் பிறந்தவர். சிறுவயதில் ஹாக்கி மேல் பெரிய நாட்டமே கிடையாது, மல்யுத்தம்தான் உசிர். 1922-ல் சிப்பாயாகச் சேர்ந்த பிறகுதான் மட்டையை ஒழுங்காகப் பிடித்தார். பகலெல்லாம் டூட்டி. அதனால் நிலா வெளிச்சத்தில் தனியாகப் பந்தைத் தட்டிப் பழகினாராம். ‘சந்த்’ என்றால் நிலா. அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது என்பார்கள். அந்த ராத்திரிப் பயிற்சிக்கு யாரு மார்க் போட்டாங்க?

ஆறே வருஷம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 14 கோல், தங்கம்! 1932 லாஸ் ஏஞ்சல்ஸிலும் தங்கம். போதும் என்று உட்கார்ந்திருக்கலாம். 1936-ல் கேப்டனாக பெர்லின் போனார். பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-4 என்று தோல்வி. ஆகஸ்ட் 15 இறுதி ஆட்டத்தில் அதே ஜெர்மனி. இடைவேளை வரை ஒரே ஒரு கோல்தான். முடிவில் 8-1, இந்தியாவுக்கு வெற்றி!

1956-ல் மேஜராக ஓய்வு, பத்மபூஷண் விருது. ஆனால் கடைசிக் காலத்தில் கையில் காசில்லை. 1979 டிசம்பர் 3-ல் மறைந்தார். அவர் பிறந்த நாள்தான் இன்று தேசிய விளையாட்டு தினம்.

ஒரு அரியர் விழுந்தாலே மூலையில உட்கார்ந்துடறோமே தோழர்களே, அந்த 1-4-ஐ கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. உள்ளே வெறி இருந்தால் நிலா வெளிச்சமே போதும்!